ஊருணியைத் தூர்வாரப் பணம் வருகிறது. அதன் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது?

செம்மண்பூமி (இழையைத் தொடங்கியவர்)

காரைக்குடிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், செம்புறாங்கல்லால் நாற்புறமும் படி கட்டிய ஊருணி ஒன்றும், ஊருக்கு வடக்கே ஒருபோகத்துக்குப் பாயும் கண்மாய் ஒன்றும் இருக்கின்றன. ஊருணியைத் தூர்வாரிப் படித்துறையைச் சீரமைத்துத் தருவதற்கு, சென்னையிலும் மலேசியாவிலும் வாழ்கின்ற எங்கள் ஊர் நகரத்தார் குடும்பங்கள் சில முன்வந்துள்ளன. இதற்கு முன்பும் ஒருமுறை நன்கொடையில் பொக்லைன் வந்து மண் அள்ளியது, கல்வெட்டும் பதிக்கப்பட்டது. ஆனால் ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாரும் தொடவில்லை. அள்ளிய மண்ணைக் கரையின் உட்சரிவிலேயே குவித்துவிட்டுப் போனதால், அடுத்த ஐப்பசி மழையில் அது உள்ளேயே இறங்கியது. பிறகு சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

பணம் கொடுப்பவர்கள் ஊரில் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கோ, தெருக்குழாயில் காவிரி நீர் வந்த பிறகு, ஊருணி நீர் அன்றாடத் தேவையாக இல்லை. இந்த நிலையில், மறுபடியும் செலவு செய்வதற்கு முன்னால் யாரிடம் என்ன பொறுப்பை, எந்த உரிமையோடு ஒப்படைத்தால் அது நிலைக்கும் என்பதே என் கேள்வி. “மக்களிடம் விழிப்புணர்வு வேண்டும்” என்ற பதிலை மட்டும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் அதைச் சொல்லாத மேடை இல்லை.

மடைமட்டம்

பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எதை நிர்வகிக்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் ஊருணி என்பது குழி மட்டும் அன்று. செட்டிநாட்டு ஊர்களில் ஓட்டுக்கூரையில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கி, ஒரு பகுதி அண்டாக்களுக்கும் கிணற்றுக்கும் போக, மிச்சம் தெருவோரக் கால்வாயில் சேர்ந்து ஊருணியை அடையும். ஊருணி நிரம்பினால் மறுகால் வழியே அடுத்த குளத்துக்கோ கண்மாய்க்கோ போய்விடும். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார்கள், தெருவின் சரிவைப் பார்ப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 500 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு வீட்டின் மேல் ஆண்டுக்கு 900 மி.மீ. மழை பெய்தால் 4,50,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டாலும் 3,60,000 லிட்டர் கிடைக்கும். ஒரு ஏக்கர் பரப்பும் இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஊருணியில் ஏறத்தாழ 80 லட்சம் லிட்டர் நிற்கும். ஆயிரம் பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் எடுத்தால், ஆண்டு முழுவதற்கும் 36.5 லட்சம் லிட்டர் போதும். வெயிலுக்கும் கசிவுக்கும் பாதிக்கு மேல் போனாலும்கூட ஈடுகொடுக்கும் அளவு அது.

ஆகவே ஆழமாகத் தோண்டச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். நம் பகுதியில் களிமண் படிவுக்குக் கீழே சரளையும் செம்பாறையும் இருக்கும். அந்தப் படிவைப் பொக்லைன் கிழித்துவிட்டால் தண்ணீர் தங்காது. கண்மாயிலும் இதே தவறு நடக்கிறது. மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறி வராது. மாடு குடிக்கலாம், மீன் வாழலாம், அவ்வளவுதான். முதல் செலவு வரத்துக்காலுக்கு, கடைசிச் செலவு படித்துறைக்கு என்பது என் கருத்து. நன்கொடையாளர்களுக்குப் படித்துறைதான் கண்ணில் படும் என்பது எனக்கும் தெரியும்.

ஒருபோகம்

ஐயா சொன்னது சரி. நான் கண்மாய்ப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பான எங்கள் ஆயக்கட்டில் முன்பு நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பது, அடைமழை இரவில் கரையைச் சுற்றி வருவது, மிகைநீர் வழியும் கலுங்கு ஓரத்தில் கசிவு தெரிந்தால் ஊருக்குச் சொல்வது ஆகியவை எல்லாம் அவருடைய வேலை. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்கு உரியதை அளந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு மூட்டை போகும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அவர் வைத்த முறையை மீறியதில்லை, ஏனெனில் அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. யாருக்குச் சாய்ந்தாலும் அவருக்கு ஆதாயம் இல்லை.

அந்த முறை போனதற்கு மக்கள் மனம் கெட்டதுதான் காரணம் என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்குக் கண்மாய் நிரம்புவதைப் பற்றிய அவசரம் குறைந்தது. முறைக்குக் காத்திருக்க வேண்டிய தேவை போனதும், முறை வைப்பவருக்கு நெல் அளப்பது வீண் செலவாகத் தெரிந்தது. அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் நீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்கு மட்டும் இன்றும் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை கரையில் நிற்கும் அத்தனை பேரும் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு காத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கெண்டையையும் எவரும் தொடுவதில்லை. காவலும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது தெரிந்த இடத்தில் கட்டுப்பாடும் தானாக இருக்கிறது. மீன்பிடி உரிமையான மீன்பாசியை ஏலத்தில் ஒருவர் எடுத்துவிட்ட கண்மாய்களில், தூர்வார வாருங்கள் என்று ஊரை அழைத்தால், குத்தகைக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறார்கள். அதில் என்ன குறை காண முடியும்?

வளவுவீட்டு ஆச்சி

நன்கொடை தர விரும்புகின்ற குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர் என்றாலும் நிலைமை ஒன்றுதான். எங்கள் சமூகத்தில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோயிலுக்கும் ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் புள்ளிவரி தருவது, எந்த நாட்டில் இருந்தாலும், இன்றும் தொடர்கிறது. கோயில் திருப்பணிக்கு அந்த வழியில் திரளும் பணத்தை ஊருணிக்கும் திரட்ட முடியும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதைவிட, வைப்புநிதி ஒன்று போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வரத்துக்கால் சுத்தம் செய்வதும் காவலுக்கு ஒருவரை அமர்த்துவதும் நல்லது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அந்த நிதியை எங்கள் அறக்கட்டளையே வைத்திருந்து, ஊருணியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, பராமரிப்பையும் நாங்களே பார்க்க வேண்டும் என்பது எங்களில் பலருடைய எண்ணம். முன்பு கொடுத்த பணத்துக்குக் கணக்கு வரவில்லை என்ற வருத்தம் அவர்களுக்கு இருக்கிறது. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தெற்குத்தெரு

ஆச்சி மனம் வருந்த வேண்டாம். வேலியைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் பல ஊருணிகளின் படித்துறையில் எங்கள் தெருக்காரர்கள் இறங்கிக் குடம் நனைக்க முடியாத காலம் இருந்தது. என் அப்பத்தா மேட்டில் நின்று, யாராவது ஊற்ற மாட்டார்களா என்று காத்திருந்ததைச் சொல்லியிருக்கிறார். அன்றும் அந்த ஊருணிகள் மிகவும் கட்டுப்பாடாகவும் சுத்தமாகவும்தான் இருந்தன. எனவே “முன்பு ஊர் கூடிப் பராமரித்தது” என்று எழுதுகிறவர்கள், அந்த ஊரில் யார் யார் சேர்த்தி என்பதையும் எழுத வேண்டும்.

ஒருபோகம் அண்ணன் குறிப்பிட்ட நீர்ப்பாய்ச்சியையே எடுத்துக்கொள்வோம். அவர் பெரும்பாலும் எங்கள் தெருவைச் சேர்ந்தவராகவே இருந்தார். எல்லோர் வயலுக்கும் நீரைப் பங்கிட்ட அவருக்கு, அந்தப் பங்கீட்டைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் உட்கார இடம் இல்லை. நிலம் இல்லாததால் நடுநிலையாக இருந்தார் என்பது உண்மை. நிலமே இல்லாமல் ஏன் இருந்தார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நீர்நிலைகளை ஊராரே உழைத்துப் பராமரிக்கும் குடிமராமத்து என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுவதைக் கட்டாயப்படுத்துவதற்காக 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. மண்வெட்டியோடு வந்தவர்கள் எல்லோரும் மனம் விரும்பி வந்தார்கள் என்று நினைப்பதற்கு இடமில்லை.

பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஊர்ப் பொது நீர் என்ற சொல் யாருக்கு எதை உறுதி செய்கிறது என்பதை அதற்குப் பிறகு மறுபடியும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? தனியார் அறக்கட்டளையின் பூட்டு ஒன்று ஊருணிக்கு வருமானால், சாவி யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு வேலி போடுங்கள்.

வளவுவீட்டு ஆச்சி

சாவியைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. ஆடு மாடுகளும் குப்பையும் உள்ளே வராமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். வேலி இல்லாமல் அதற்கு வழி உண்டா?

குடத்தடி

நான் மகளிர் குழுவில் இருக்கிறேன். வேலி போட்டாலும் தெருச் சாக்கடை அதற்குள் நுழைந்துவிடும், ஆச்சி. அதுதான் இப்போதைய பெரிய சிக்கல். மடைமட்டம் ஐயா சொன்ன அதே தெருவோரக் கால்வாய்தான் இன்று பாத்திரம் கழுவிய நீரையும் துவைத்த நீரையும் ஊருணிக்குக் கொண்டுபோகிறது. குடத்தில் தூக்கிவந்த காலத்தில் ஒரு வீட்டில் செலவான நீர் குறைவு. அது கொல்லையில் வாழைக்கோ முருங்கைக்கோ போனது. இப்போது குழாயில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நீர் வந்தது நல்லதுதான். எங்கள் இடுப்பு ஒடிந்தது நின்றது. ஆனால் அதே அளவுக்குக் கழிவுநீர் வெளியேற வழி செய்யப்படவில்லை. பல ஊர்களில் கழிவுநீர் வருகிறது என்று வரத்துக்காலையே மண் போட்டு மூடிவிட்டார்கள். மழைநீரும் அதோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போட்டு, கால்வாயை மழைக்கு மட்டும் விட்டால் ஒழிய, தூர்வாருவதால் பயனில்லை. உறிஞ்சுகுழியை எங்கே தோண்டுவது, யார் வீட்டில் இடம் இல்லை, எந்தச் சந்தில் நீர் தேங்குகிறது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். ஜல் ஜீவன் திட்டத்தின் விதிகளிலேயே ஊர்க் குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீரைச் சோதித்துப் பார்க்கப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் குழு காகிதத்தில் இருப்பதாகக் கேள்வி. என் பெயரும் அதில் இருக்கக்கூடும்!

இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்க்கிறவர்கள்தான் நாள் முழுவதும் ஊருணிக் கரையில் இருக்கிறார்கள். கருவேலக் காயை ஆடு தின்று, புழுக்கையில் விதை விழுந்து, அது கரையெங்கும் முளைக்கிறது. கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் கைவேலை. விட்டுவிட்டால் இயந்திரம் வேண்டும். அவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வெளியே கட்டிக் கொடுத்து, கன்று பிடுங்குவதற்கு ஒரு கூலியும் வைத்தால், வேலிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

முன்னாள் உறுப்பினர்

ஊராட்சியில் ஒரு பருவம் இருந்தவன் என்ற முறையில் சட்ட நிலையைச் சொல்கிறேன். ஊருணி நிலம் யாருடைய பணத்தில் வெட்டப்பட்டிருந்தாலும், பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் அது பொதுச்சொத்து. அறக்கட்டளை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பூட்ட முடியாது. பட்டாவாக அல்லது கோயில் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. முதலில் நிலத்தின் வகையும் உரிமையும் பதிந்துள்ள அ-பதிவேட்டைப் பாருங்கள். கண்மாயைப் பொறுத்தவரை, 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. சிவகங்கை ஜமீனில் இருந்த கண்மாய்கள் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசிடம் வந்தவை; அவற்றின் வரத்துக்கால்கள் எல்லாமே அளந்து பதியப்பட்டவை என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் ஏற்கெனவே மூன்று வாசல்கள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தை உருவாக்கியது. ஆனால் அதில் வாக்கு நிலம் உள்ளவர்களுக்கே. 2017இல் அரசு மறுபடியும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம், பத்து விழுக்காட்டை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது; சங்கத்தின் பெயரில் வேறொருவர் அந்தப் பத்தைக் கட்டிவிட்டு வேலையை எடுத்துக்கொள்ளக்கூடிய ஓட்டை அதில் இருந்தது. மூன்றாவது, நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால், மிச்சத்தை அரசு தருகிறது. ஆச்சி வீட்டார் பணத்துக்கு இதுவே பொருத்தமான வாசல் என்று நினைக்கிறேன். அரசுப் பணம் சேர்வதால் தணிக்கையும் சேர்ந்து வரும். கணக்கு வரவில்லை என்ற வருத்தத்துக்கும் அது ஒரு மருந்து.

அள்ளிய வண்டலைக் கரையில் குவிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டரும் புன்செய்க்கு 90 கன மீட்டரும் விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அனுமதி எந்தெந்த நீர்நிலைக்கு என்ற பட்டியலில் உங்கள் கண்மாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தடையும் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. மக்களே தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் இல்லாத ஊரில் மக்கள் பங்கேற்பைப் பற்றி அரசாணைகள் பேசுவதை என்னவென்று சொல்வது? இருந்தாலும் கிராம சபைக்கு உள்ள அதிகாரம் மன்றத்தோடு முடிந்துபோவதில்லை.

ஒருபோகம்

அண்ணன் சொன்ன கிராம சபையில் ஐம்பது பேர் கையெழுத்துப் போடுவார்கள், பத்துப் பேர் இருப்பார்கள். அதை நம்பியா வைப்புநிதி போடுவது? ஊர்த் தலைக்கட்டான அம்பலகாரர் வீட்டு வாசலில் கூடும் ஊர்க்கூட்டத்துக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இன்னும் வரவில்லை.

தெற்குத்தெரு

அம்பலகாரர் வாசலுக்கு நாங்கள் வருவதில்லை, பெண்களும் வருவதில்லை. கிராம சபைக்கு வர எங்களுக்கு உரிமையாவது இருக்கிறது. பத்துப் பேர்தான் வருகிறார்கள் என்றால், அங்கே முடிவு செய்வதற்கு எதுவும் இருந்ததில்லை என்பதே காரணம். ஊருணி நிதியின் வரவு செலவை அங்கே மட்டும்தான் படிப்போம், காவலாளை அங்கேதான் நியமிப்போம் என்று வையுங்கள். வருகிறவர்கள் எண்ணிக்கையைப் பிறகு பாருங்கள்.

மடைமட்டம்

தெற்குத்தெரு சொல்வதோடு நான் உடன்படுகிறேன், ஆனால் ஒரு திருத்தத்துடன். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மடை உடைந்தால் அக்டோபர் 2 வரை காத்திருக்க முடியாது. முடிவும் கணக்கும் சபையிடம் இருக்கட்டும். அன்றாடப் பார்வைக்கு ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு சிறு குழு வேண்டும். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளையின் வயலகம் என்ற நீர்நிலைச் சீரமைப்புப் பணியில், ஊருணிக்கும் கண்மாய்க்கும் பயனாளர் சங்கங்களை முதலில் அமைத்து, அதன் பிறகே மண்வேலையில் இறங்கும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். துறையில் நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்: நிதியாண்டு முடிவதற்குள் வேலையை முடித்துவிட்டு, சங்கத்துக்குப் பெயர்ப்பலகை தேடினோம்.

நிலத்தடி நீரைப் பற்றியும் ஒரு சொல். வடமாநிலங்களிலும் கர்நாடகத்திலும் அடல் பூஜல் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நீர் வரவுசெலவுக் கணக்குப் போட்டார்கள். அந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நமக்கு அந்தத் திட்டம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானியும், ஊருணிப் படியில் அடி குறித்த கல்லும், நான்கைந்து கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் எழுதும் ஒரு நோட்டும் போதும். காரைக்குடி நகரத்துக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அதன் மேலே பெய்கிற மழை எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு.

வளவுவீட்டு ஆச்சி

எங்கள் குடும்பத்தாரிடம் பேசினேன். வேலியை விட்டுவிடலாம் என்பதில் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது; அதற்கு வைத்த தொகையை உறிஞ்சுகுழிகளுக்குத் தரலாம். வைப்புநிதியை ஊராட்சிக் கணக்கில் போடத் தயக்கம் இன்னும் நீங்கவில்லை. தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, நன்கொடையாளர் ஒருவர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர், தெற்குத்தெரு போன்ற பகுதியிலிருந்து ஒருவர் என மூவர் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியேறும் என்று வைத்தால் சம்மதிப்பார்கள். வட்டியை மட்டும் எடுக்கலாம், முதலைத் தொடக்கூடாது. கல்வெட்டு வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்று நானே சொன்னேன். அதில் பெயர்களுக்குப் பதிலாக நீர்மட்டத்துக்கான அடிக்கோடுகளை வெட்டச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒருபோகம்

மூவரில் ஆயக்கட்டுக்காரர் ஒருவரும் இல்லையே, ஆச்சி? ஊருணியின் மறுகால் எங்கள் கண்மாய்க்குத்தான் வருகிறது. நால்வராக வையுங்கள். அதற்கு ஈடாக, கண்மாயின் மீன்பாசியை ஏலம் விடாமல் திருவிழாவுக்கே விட வேண்டும் என்றும், வருகிறவர்களிடம் ஊத்தாவுக்கு ஒரு சிறு தொகை வாங்கி அதை வரத்துக்கால் வேலைக்கு வைக்க வேண்டும் என்றும் எங்கள் பக்கத்திலிருந்து சபையில் மனு வைக்கிறோம். ஏலத்தொகை போய்விடும் என்று தனி அலுவலர் மறுத்தால் அதற்கு என்ன பதில் என்பதை முன்னாள் உறுப்பினர் அண்ணன் யோசித்துச் சொல்ல வேண்டும்.

முன்னாள் உறுப்பினர்

மறுக்கத்தான் செய்வார், ஏனெனில் அது ஊராட்சிக்கு வருமானம். கடந்த ஏலங்களின் தொகையையும், வரத்துக்கால் சுத்தம் செய்ய ஆன செலவையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் தொகை இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால் நியாயம் உங்கள் பக்கம். அதிகமாக இருந்தால், ஏலத்தை ஊர்க் குழுவே எடுப்பதுதான் வழி. நால்வர் கணக்கிலிருந்து அதற்கு முன்பணம் கொடுக்கலாமா என்பதை ஆச்சி கேட்டுச் சொல்லட்டும்.

செம்மண்பூமி

அனைவருக்கும் நன்றி. அ-பதிவேட்டின் நகலுக்கும் ஏலத் தகவலுக்கும் இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். மார்ச் 22, உலக நீர் நாள் கிராம சபையில் நால்வர் கணக்கையும் மீன்பாசி மனுவையும் ஒன்றாக வைக்க இருக்கிறோம். படித்துறை வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டேன். ஊரில் சிலருக்குக் கோபம். மடைமட்டம் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: மூடிக்கிடக்கும் வரத்துக்காலை எங்கிருந்து திறக்கத் தொடங்குவது?

மடைமட்டம்

ஊருணி வாயிலிருந்து மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து திறந்துகொண்டு வந்தால், இடையில் ஒரு கோடை மழை பெய்தாலும் நடுத்தெருவில் நீர் நிற்கும். அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்வார்கள். நில அளவை வரைபடமான புலப்படத்தை எடுத்துக்கொண்டு நில அளவரோடு ஒருமுறை நடந்து, இரு பக்கமும் கல் நட்ட பிறகு மண்ணைத் தொடுங்கள். ஆனிக்குள் உறிஞ்சுகுழிகள் முடிய வேண்டும், ஆவணிக்குள் கால் திறக்க வேண்டும். குடத்தடி அம்மா சொன்ன சந்துகளின் பட்டியல் அதற்கு முன்னால் என் கைக்கு வந்தால், மட்டம் பார்க்க நானே வருகிறேன்.